கையெழுத்தம்மாவின் ஆறாவது விழிப்பு

கையெழுத்தம்மாவை எழுப்பப்போகிறார்கள் என்றால் இரண்டு நாள் முன்பே உறைகூடத்துக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். அந்த வாடை அவருக்கு ஆகாது. தலை வலிக்கும், கண்ணில் நீர் வடியும். மறுநாள் செய்தித்தாளில் 'தீவின் வளர்ச்சி கண்டு கண் கலங்கினார்' என்று படத்தோடு வரும். ஐந்து முறை இப்படி நடந்தாயிற்று. ஐந்து முறையும் சந்தனமேரி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு நர்சின் பேச்சைக் கேட்டு எந்த அரசாங்கம் சுண்ணாம்பு வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது?

இந்த ஆறாவது முறை அவள் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பெட்டியின் கண்ணாடி மூடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கையெழுத்தம்மா எடித் ஹார்கன் அசையாமல் படுத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் படுத்தவர். இன்றைக்கும் அதே ஐம்பத்தெட்டு, கூட ஐந்து நாள். முதல்முறை மூடியைச் சாத்தியபோது சந்தனமேரிக்கு இருபத்தைந்து. இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. இன்னும் மூன்று வருடம் போனால் இவளே அக்கா ஆகிவிடுவாள்.

ஆலாத்தீவை மேலைநாட்டார் நூற்றெழுபது வருடம் ஆண்டார்கள். பிறகு ஒருநாள் பக்கத்திலிருந்த பெருநிலத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். தீவுக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத உறுத்தலுக்கு ஒரு வாக்குறுதி மட்டும் கொடுத்தார்கள். அறுபது வருடத்துக்குத் தீவில் பேச்சும் பத்திரிகையும் கூட்டமும் நீதிமன்றமும் இருந்தபடியே இருக்கும், அதற்கு ஏழு நாடுகள் பொறுப்பு என்று உடன்படிக்கை எழுதினார்கள். அப்போது யாரோ ஒரு புத்திசாலி கேட்டாராம்: இன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாளைக்கு ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள், பின்னால் வருகிறவன் 'நானா வாக்குக் கொடுத்தேன்?' என்று கேட்டால் என்ன செய்வது? அந்தச் சமயத்தில்தான் நெடுந்தூர விண்கலங்களுக்காக உறைதுயில் பெட்டியைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஏழு நாடுகளின் சார்பிலும் கையெழுத்துப் போட்ட எடித்தை அதற்குள் படுக்கவைத்தார்கள். வாக்குக் கொடுத்தவர் அறுபது வருடமும் உயிரோடு இருப்பார். பத்தாயிரம் தீவுக்காரர்கள் மனுப் போட்டால் எழுப்ப வேண்டும். அவர் ஒரு பகல் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் 'மீறல்' என்று எழுதுவார். எழுதினால் ஏழு நாடுகளும் இறங்கி வர வேண்டும். மனித உடம்பு ஏழு முறைக்குமேல் அந்தக் குளிரைத் தாங்காது என்பதால் ஏழு விழிப்புதான்.

ஐந்து விழிப்பு முடிந்தது. ஐந்து முறையும் எடித் எழுதியது 'கவலைக்குரியது' என்பதுதான். அதைத் தாண்டவில்லை.

"சிஸ்டர்" என்று வாசலில் குரல் கேட்டது. பெருநிலத்து ஒருங்கிணைப்பு அலுவலகத்து வைரவநாதன். கோயிலுக்குள் வருகிறவர்போல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எப்போதும் உள்ளே வருவார். தீவுக்காரர்தான். கல்லூரியில் படித்த காலத்தில் நான்காவது மனுவில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஏட்டைப் பத்திரப்படுத்தியவள் சந்தனமேரி. அதை அவள் ஒருநாளும் அவரிடம் சொல்லிக்காட்டியதில்லை.

"நாளைக்கு எல்லாம் தயார்தானே?"

"தயார் சார். சுண்ணாம்பு வாடைதான்."

"அது போயிடும். நீங்க வழக்கம்போல இருங்க, அது போதும்."

"வழக்கம்போலன்னா?"

"அம்மா கண்ண முழிச்சதும் எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. நீங்க ஒரு குறையும் இல்லம்மான்னு சொல்வீங்க. கஞ்சி குடுப்பீங்க. அதத்தான் சொல்றேன்."

சந்தனமேரியின் கைத்துணி நின்றது. அந்த நேரத்தில் அறைக்குள் அவர்கள் இரண்டுபேரைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை. "அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

வைரவநாதன் சிரித்தார். "எனக்கு மட்டுமா? ஏழு நாட்டுக்கும் தெரியும். அஞ்சு அறிக்கையிலயும் மொத வரியே அதுதானே சிஸ்டர். அம்மா சட்டக் காலர்ல பொத்தான் மாதிரி ஒரு காது இருக்குல்ல? கண்ண முழிச்ச நிமிஷத்துலேர்ந்து பெட்டிக்குத் திரும்புற வரைக்கும் அது கேட்டுக்கிட்டே இருக்கும்."

"அது அம்மாவோட நாடித்துடிப்பப் பாக்குறதுன்னு சொன்னாங்களே."

"அதையும் பாக்கும். மனு குடுத்தவங்க பேச்சு முன்னாடியே தயார் பண்ணின பேச்சு. அரசாங்கத்துப் பேச்சும் அப்படித்தான். யாரும் சொல்லிக்குடுக்காம ஒரு தீவுக்காரர் வாயிலேர்ந்து வர்ற மொத வார்த்தைக்குத்தான் மதிப்பு அதிகம்னு உடன்படிக்கையிலயே எழுதியிருக்கு. அந்த வார்த்தை அஞ்சு தடவையும் உங்களோடது. உண்மையச் சொன்னா உங்களுக்குத்தான் நாங்க நன்றி சொல்லணும்."

அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் சந்தனமேரிக்குத் தாங்கவில்லை.

ஆலாத்தீவு கடலை நம்பிப் பிழைக்கிற ஊர். கடலிலிருந்து கரையேறியவனிடம் அவன் கஞ்சி குடித்து முடிக்கும்வரை கெட்ட சேதி சொல்லமாட்டார்கள். நாலு நாள் அலையில் கிடந்தவனுக்கு வெறும் வயிற்றில் இடி இறங்கக்கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ நினைத்திருக்கிறார்கள். வீட்டில் பிணமே கிடந்தாலும், என்ன விசேஷம் என்று அவன் கேட்டால் 'ஒரு குறையும் இல்லை' என்றுதான் பதில் வரும். கஞ்சி முடிந்த பிறகுதான் ஒப்பாரி. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் இதே மரியாதைதான். பெட்டிக்குள்ளிருந்து எழுகிற அம்மாவுக்கும் சந்தனமேரி அந்த மரியாதையைத்தான் செய்தாள். ஐந்து மனு, ஐம்பதாயிரத்துக்கும் மேல் கையெழுத்து, அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். எல்லாம் அவள் வாயில் வந்த ஒரு கஞ்சி வார்த்தையில் கரைந்துபோயிருக்கிறது.

"கப்பல்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வைரவநாதன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். துறைமுகத்தில் பெருநிலத்துக் கப்பல் ஒன்று நாலு நாளாக நிற்கிறது. கோட்டைச் சிறையிலிருந்து நாற்பத்தொரு பேரை விசாரணைக்கென்று ஏற்றிக்கொண்டு போக வந்த கப்பல். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. அந்த நாற்பத்தொரு பேரில் முதல் பெயர் பங்கிராஸ். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், இந்த ஆறாவது மனுவின் முதல் கையெழுத்துக்காரன், சந்தனமேரியின் தம்பி.

"நாளைக்குப் பகல்ல போகாது. அம்மா பெட்டிக்கு வெளிய இருக்குற வரைக்கும் தீவுக்காரங்க யாரையும் கைதியா கடல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. பத்தொன்பதாவது பிரிவு. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா திரும்பிப் படுத்ததும் கெளம்பிடும்." குரலை இறக்கிக்கொண்டார். "நாப்பத்தொண்ணு, நாப்பதாவும் ஆகலாம் சிஸ்டர். நீங்க வழக்கம்போல இருந்தீங்கன்னா நான் ஒரு வார்த்த சொல்லிப் பாக்குறேன். சத்தியமா."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் சந்தனமேரி கேரியரைத் தூக்கிக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனாள். பதினோரு மாதமாக இது வாடிக்கை. அறுபது எழுபது பேர் வரிசையில் நிற்பார்கள். ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், வீட்டு எண், கைதிக்கு உறவுமுறை. எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு மணிநேரம் கழித்து வெறும் கேரியரைத் தருவார்கள். ஆளைக் காட்டமாட்டார்கள். உள்ளே இருப்பவன் சாப்பிட்டானா, காவல்காரன் சாப்பிட்டானா என்று யாருக்குத் தெரியும்?

பங்கிராஸ் சின்ன வயசிலிருந்தே கத்தரிக்காயைத் தொடமாட்டான். அம்மா அடித்தும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அவனைச் சிறையில் போட்டு மூன்றாவது மாதம் சந்தனமேரிக்கு ஒரு யோசனை வந்தது. சோறும் மீன்குழம்பும் வைத்து, மேல்தட்டில் கத்தரிக்காய் வதக்கி வைத்து அனுப்பினாள். சோறும் குழம்பும் காலியாகி வந்தன. கத்தரிக்காய் மட்டும் அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்குக் கோட்டை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். தம்பி இருக்கிறான். அதிலிருந்து தினமும் கத்தரிக்காய்தான்.

அன்றைக்கும் கத்தரிக்காய் திரும்பி வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால், இல்லை, வழக்கமான வார்த்தையைச் சொன்னால், நாளைக்கும் அது திரும்பி வரும். மாற்றிச் சொன்னால் சாயங்காலம் கப்பல். வழி நெடுக அவள் யோசித்தது இதைத்தான்.

காலை ஆறு மணிக்குப் பெட்டி திறந்தது. எடித் கண்ணைத் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. முன்பெல்லாம் ஒரு நிமிடம் போதும். உதடு நீலமாக இருந்தது. சந்தனமேரி வெதுவெதுப்பான கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். காலர் பொத்தானில் ஒரு சின்ன வெளிச்சம் விழித்துக்கொண்டது. பதினோரு வருடம் தீவின் நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்தவர் எடித். அவர் பேசுகிற தமிழ் சந்தைக்கடைத் தமிழ்.

"சந்தனம்" என்றார். "இன்னும் கொஞ்சம் நரச்சுட்டியே. நேத்துத்தான பாத்தேன்." சிரிக்கப் பார்த்து இருமினார். "எப்படி இருக்கீங்க எல்லாரும்?"

சந்தனமேரியின் நாக்கு தன்பாட்டில் மடங்கியது. 'ஒரு குறையும்' வரைக்கும் வாயில் வந்துவிட்டது. முப்பத்தோரு வருடப் பழக்கம், அதற்கு முன்னால் ஊரின் நூறு வருடப் பழக்கம். நீல உதட்டோடு ஒரு மனுஷி படுத்திருக்கிறாள், அவளிடம் போய் எப்படிச் சொல்வது? பங்கிராஸை வேறு நினைத்துக்கொண்டாள். அவன் இங்கே நின்றிருந்தால் என்ன சொல்லச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்திருந்ததுதான் கஷ்டம்.

"நல்லா இல்லம்மா" என்றாள்.

சொன்ன வேகத்தில் கஞ்சி புடவையில் சிந்தியது. "யாருமே நல்லா இல்ல. இதுக்கு முன்னாடியும் நல்லா இல்ல. நான்தான் சொல்லல."

எடித் கிண்ணத்தைப் பார்த்தார். "கஞ்சிக்கு முன்னாடியேவா?"

அந்த வழக்கம் அவருக்கும் தெரியும். நான்காவது விழிப்பின்போது, எடித்தின் மகன் இறந்துபோன சேதி சொல்லும் கடிதம் இரண்டு வருடமாகச் சந்தனமேரியிடம் இருந்தது. அன்றைக்கும் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னாள். கஞ்சி முழுக்க உள்ளே போன பிறகுதான் கடிதத்தைக் கையில் கொடுத்தாள். எடித் அதைப் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ஒரு விழிப்புநாளில் அவர் நகரத்தைச் சுற்றிப் பார்க்கவே இல்லை.

"அப்ப உங்களுக்கு அது வெறும் வழக்கம்னு தெரியும்" என்றாள் சந்தனமேரி. "தெரிஞ்சும் அத அறிக்கையில மொத வரியா விட்டீங்களாம்மா?"

"அடிக்குறிப்புல எழுதினேன். இது ஊர் மரியாதை, சாட்சி இல்லன்னு. அஞ்சு தடவையும் எழுதினேன்." எடித் கண்ணை மூடிக்கொண்டார். "அடிக்குறிப்ப யாரும் படிக்கமாட்டாங்கன்னும் எனக்குத் தெரியும். பொய் சொல்லக்கூடாது. எனக்கும் அது வசதியா இருந்துச்சு சந்தனம். மீறல்னு எழுதினா என்ன நடக்கும்னு பயம். ஒண்ணுமே நடக்காதோன்னு அதவிடப் பயம்."

சந்தனமேரிக்கு அவர்மேல் கோபம் வந்தது. கிண்ணத்தை அவர் வாயருகே கொண்டுபோனபோதும் அந்தக் கோபம் போகவில்லை. ஆனால் ஊட்டினாள்.

பகல் பூராவும் எடித்தைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சுற்றினார்கள். வைரவநாதன் கூடவே வந்தார். காலையில் நடந்தது அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. சந்தனமேரியின் பக்கம் வராமல் நாற்காலிக்கு மறுபுறமே நடந்தார். எடித் நான்கு செய்தித்தாள் வாங்கச் சொன்னார். நான்கிலும் ஒரே தலைப்பு, ஒரே படம். தான் வேலை பார்த்த நீதிமன்றத்துக்குப் போனார். வெளிச்சுவர் புதுச் சுண்ணாம்பில் பளபளத்தது, உள்ளே வழக்குப் பட்டியல் பலகையில் சைக்கிள் திருட்டும் வரப்புத் தகராறும் மட்டும் இருந்தன. மற்ற வழக்கெல்லாம் எங்கே என்று கேட்டார். எழுத்தர் குனிந்த தலை நிமிராமல் கிழக்கே, பெருநிலம் இருக்கும் பக்கம், கடலைக் கைகாட்டினார். கோட்டைச் சிறைக்குள் விடவில்லை. சாவி வைத்திருப்பவர் விடுமுறையில் போயிருக்கிறார் என்றார்கள்.

மூன்று மணிக்கு உறைகூடம் திரும்பி, எடித் 'மீறல்' என்று எழுதினார். அதை எழுத ஆறு விழிப்பும் முப்பத்தோரு வருடமும் ஆகியிருக்கிறது. திரையில் ஏழு நாடுகளுக்கும் அது போயிற்று.

இரண்டு மணிநேரம் கழித்துத்தான் பதில் வந்தது. ஏழில் ஒரு நாடு இப்போது இல்லை. அது இரண்டாகப் பிரிந்திருந்தது, அந்தக் கையெழுத்து மற்றதுடையது என்று இரண்டும் சொல்லின. மீதி ஆறின் சார்பில் திரையில் ஒரு இளைஞர் வந்தார். நல்ல முகம். அவர் பேசியதை இயந்திரம் தமிழாக்கிச் சொன்னது.

"தங்கள் கண்டறிதலை ஆழ்ந்த கவலையுடன் பெற்றுக்கொண்டோம், அம்மையீர். பொறுப்பு நாடுகள் நிலைமையை உற்று நோக்கும். அடுத்த விழிப்பிலும் இதே கண்டறிதல் உறுதிப்படுமாயின், தக்க நடவடிக்கை பற்றி ஆலோசிப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும்."

"அடுத்த விழிப்பு எப்போ?"

"குறைந்தது ஐந்து ஆண்டுகள் கழித்து. தங்கள் உடல்நலனை முன்னிட்டு."

"தம்பி, நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

இளைஞர் சற்றுக் குழம்பினார். "உடன்படிக்கைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, அம்மையீர்."

எடித் தலையை ஆட்டினார். அதில் கோபம்கூட இல்லை. திரையை அணைக்கச் சொன்னார்.

அறையில் மூன்று பேர். சுவர்க் கடிகாரம் ஐந்தே கால் காட்டியது. ஆறு மணியைத் தாண்டினால் பெட்டி அந்த உடம்பை ஏற்றுக்கொள்ளாது, அது மருத்துவ விதி. வைரவநாதன் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேரமாகுதும்மா."

"எனக்கு இந்தப் பெட்டி எதுக்குன்னு இன்னைக்குத்தான் புரியுது வைரவநாதன். வாக்கு சாகாம இருக்கணும்னு செஞ்ச பெட்டின்னு நெனச்சிருந்தேன். தள்ளிப் போடுறதுக்குச் செஞ்ச பெட்டி. ஒவ்வொரு தடவையும் அஞ்சு வருஷம்." எடித் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்தொன்பதாவது பிரிவ நானே எழுதினேன். நான் பெட்டிக்குத் திரும்புற வரைக்கும் கைதி யாரும் கடல் தாண்டக்கூடாது. அதுல எத்தன மணின்னு எழுதல. எழுத மறந்துட்டோம். யாரும் திரும்பாம இருப்பாங்கன்னு அன்னைக்குத் தோணல."

வைரவநாதனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. "வெளிய இருந்தா உங்க உடம்பு தாங்காதும்மா. ஆறு தடவ குளிர் பாத்த ஒடம்பு. ஒரு வருஷம். ரொம்பப் போனா ஒண்ணரை." சந்தனமேரியின் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

படுத்துக்கொள்ளுங்கள் என்றால் தம்பி போவான். இருங்கள் என்றால் முப்பத்தோரு வருடம் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்ட உடம்பைத் தானே குழிக்கு அனுப்பியதாகிவிடும். காலையில் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னபோது இப்படி ஒரு கணக்கு வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"ஒரு வருஷம்னா, அப்புறம்?" என்று கேட்டாள். "நீங்க போனப்புறம் கப்பல் கெளம்பிடுமேம்மா."

"கெளம்பும்" என்றார் எடித். "அதுக்குள்ள வேற யாராவது முழிச்சுக்கட்டும்."

கடிகாரம் ஓடியது. ஐந்தரை ஆயிற்று. எடித் கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஆறு அடித்தபோது பெட்டி தானாக ஒருமுறை ஒலி எழுப்பி, உள்ளே விளக்கணைந்து போயிற்று. முப்பத்தோரு வருடம் நிற்காமல் ஓடிய அதன் ரீங்காரம் நின்றபோது அறையே காது அடைத்ததுபோல் ஆனது.

வைரவநாதன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். தொலைபேசியை எடுத்தார். "துறைமுகமா? கப்பல் இன்னைக்குப் போகாது. நாளைக்கா? தெரியாது. மேலதிகாரிகிட்டக் கேளுங்க." வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். போகும்போது செருப்பை மாட்ட மறந்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்து மாட்டிக்கொண்டார்.

மறுநாள் சந்தனமேரிக்கு வேலை போயிற்று. பொய்ச்சாட்சி சொன்னதாகத் திங்கட்கிழமை விசாரணைக்கு வரச்சொல்லி ஓலையும் வந்தது. படுக்க ஆள் இல்லாத உறைகூடத்தைப் பூட்டிவிட்டார்கள். எடித் தூங்கியது சந்தனமேரியின் வீட்டில், பங்கிராஸின் கட்டிலில். காலையில் எழுந்ததும் அந்த வீட்டில் முதல் வேலையாகக் கத்தரிக்காய் நறுக்கினார்கள். எடித்தும் ஒன்று நறுக்கினார், கோணல்மாணலாக.

அன்று சாயங்காலம் கோட்டை வாசலில் வரிசை வழக்கம்போல் நின்றது. எடித்தைப் பார்த்ததும் சிலர் விலகி வழிவிட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிக் கடைசியில் போய் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். முறை வந்தபோது சாளரத்துக்குப் பின்னால் இருந்த காவல்காரன் படிவத்தைப் பார்த்தான்.

"இவங்களும் எழுதணுமா? கைதிக்கு இவங்க என்ன உறவு?"

எடித் பேனாவை வாங்கித் தானே எழுதினார். உறவுமுறை என்ற இடத்தில், 'வாக்குக் கொடுத்தவள்'. காவல்காரன் அதை இரண்டு தடவை படித்தான். அப்படி ஒரு உறவு அவனுடைய பட்டியலில் இல்லை. இல்லை என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை. முத்திரையைக் குத்திக் கேரியரை உள்ளே வாங்கிக்கொண்டான்.

ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும். சுவரோரமாக எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எடித்துக்குப் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண், பெயர் ஜுலைகா, மீன் சந்தையில் இருப்பவள். எடித் காலர் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. பெட்டிக்குத் திரும்பும்வரை அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

"எப்படிம்மா இருக்கே?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"ஒரு குறையும்…" என்று ஜுலைகா ஆரம்பித்தாள். நிறுத்தினாள். சந்தனமேரியைப் பார்த்தாள். நேற்றுக் காலை நடந்தது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. முக்காட்டு முனையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நல்லா இல்லங்கம்மா" என்றாள். "என் மவன் உள்ள இருக்கான். நாலு வருஷம் ஆச்சு. அவன் பேரு அன்சாரி."

அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கமாக நகர்ந்து வந்தார்.

சந்தனமேரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்க் கேரியரை வாங்கினாள். கனம் இல்லை. சாளரத்து விளிம்பில் வைத்து, மேல்தட்டைத் திறந்து பார்த்தாள். கத்தரிக்காய் அப்படியே இருந்தது.